தாடையைத் தாழ்த்தி ஒரு மடக்கு

மேசைமேல் தண்ணீர் பாட்டில் இருந்தது. செண்பகவல்லி டீச்சர் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். பத்தேகால் மணியடித்து இருபது பிள்ளைகளும் தலையைக் கவிழ்த்து எழுத ஆரம்பித்ததிலிருந்து மூன்று தடவை கை அந்தப் பக்கம் போய்த் திரும்பிவிட்டது. மார்ச் மாத வெயில் ஜன்னல் கம்பி வழியாக இறங்கி முதல் பெஞ்சின் கால் வரைக்கும் வந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்றைத்தான் காணோம். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கோவில்பட்டியில் அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் வேறு. பிளஸ் டூ பரீட்சைக்கு அறைக் கண்காணிப்பாளர் என்று இந்தப் பெண்கள் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் பாடம் விலங்கியல், இன்றைக்கு நடப்பது வரலாறு. ஒன்றேகால் வரைக்கும் பேசக்கூடாது, புத்தகம் பிரிக்கக்கூடாது, செல்போன் வைத்திருக்கக்கூடாது. நடக்கலாம், நினைக்கலாம். நினைப்புக்கும் ஒரு தடை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மடக்குக் குடித்தால் என்ன. குடித்தால் இருமல் வரும், வந்தால் நிற்காது, இருபது பேரும் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். மூன்று மாதமாக இந்தக் கூத்துத்தான். சோறு இறங்குகிறது, இட்லி இறங்குகிறது, குழம்பு ஊற்றிப் பிசைந்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. தண்ணீர்தான் ஆகவில்லை. தண்ணீர், மோர், காப்பி, ரசம், நீர்த்த எதுவாக இருந்தாலும் தொண்டைக்குள் போய் வழி தெரியாமல் முழித்து, போகக்கூடாத பக்கம் போய்விடுகிறது. முதலில் மார்கழிப் பனி என்றார்கள். ஃப்ரிட்ஜ் தண்ணீர் என்றார் வீட்டுக்காரர். ஆசிரியர் அறையில் சாக்பீஸ் தூசி என்றார்கள். சீரகத் தண்ணீர், சுக்கு, மிளகும் பனங்கற்கண்டும், ஆடாதோடைச் சாறு. சாறே புரையேறியது. உள்ளூர் டாக்டர் எதுக்களிப்பு என்று சாப்பாட்டுக்கு முந்தி ஒரு மாத்திரை கொடுத்து, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். இரண்டு செங்கல் வைத்ததில் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் கால்மாட்டில் கிடந்தார்கள். பிறகு அவரே, பிரஷருக்குச் சாப்பிடுகிற மாத்திரையில் சில பேருக்கு இருமல் வரும் என்று அதை மாற்றினார். அது ஒரு மாதம் போயிற்று. வறட்டு இருமல் என்றால் எந்நேரமும் அல்லவா வரவேண்டும், இது தண்ணீர் குடித்தால் மட்டும்தானே வருகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு பதில் வருமே என்று பயம். இருமும்போதெல்லாம் பக்கத்தில் யார் இருந்தாலும் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்காங்க என்றார்கள். யார் நினைக்கிறது? மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவள் அம்மாவை நினைக்கிறதே ஞாயிற்றுக்கிழமைதான். மூன்று மாதமாக நாளொன்றுக்கு இருபது தடவை விடாமல் நினைக்கிறதற்கு வேறு யார் இருக்கிறார்கள். செத்துப்போனவர்கள் நினைப்பார்களா. அங்கே வந்து நினைப்பு முள்ளில் பட்ட சேலை மாதிரி மாட்டிக்கொண்டது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை ஸ்கேலைக் கீழே போட்டது. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

வேலாயுதம் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவன், பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். தன் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்றைக்குக் காலையிலிருந்து கத்திக் கத்தி வேலை வாங்கிவிட்டு, செம்பை உயர்த்தி அண்ணாந்து கடகடவென்று குடித்தான், குடித்த வேகத்தில் புரையேறிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் செண்பகவல்லிதான். உச்சியில் இரண்டு தட்டுத் தட்டி, "மதினி நினைக்கா போல" என்றாள். மதினி அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்ததால் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் இருமிக்கொண்டே சிரித்தான். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து போன் பண்ணினான். "ஏட்டி செம்பகம், நீ பிள்ளைகளுக்கு இதத்தான படிச்சுக் குடுக்க. தண்ணி குடிச்சா எனக்கு இருமலா வருது, எதுனாலட்டி?" காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா கையில் இருந்தது. அந்தக் கட்டை அன்றைக்கே முடிக்க வேண்டும். "கேஸாத்தான் இருக்கும் அண்ணே, ராத்திரி புரோட்டாவ விடு" என்றாள். விட்டான். தங்கச்சி டீச்சர், தங்கச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்று அவன் டாக்டரிடம் போகவே இல்லை. நாலு மாதம் கழித்து உணவுக்குழலில் வளர்ந்தது மூச்சுக்குழலைத் தொட்டுவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவன் ரொம்ப நாள் இருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் அதே படத்தைத்தான் வரைகிறாள். முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல், மேலே ஒரு மூடி. விழுங்கும்போது மூடி விழும், மூடாவிட்டால் என்ன ஆகும், சொல்லுங்க பார்ப்போம் என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளிடம் பதில் வாங்கியவள். ஒரு வார்த்தை, "போய்க் காட்டு அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எத்தனை நேரம் ஆகும். பேனாவை வைக்கக்கூட வேண்டாம். மதினி ஒருநாளும் இதைச் சொல்லிக் காட்டினதில்லை. மதினிக்குத் தெரியாது. அந்த போன் அவர்கள் இரண்டு பேருக்குள் நடந்தது, ஒருத்தன் போய்விட்டான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. இந்நேரம் வீட்டுக்காரர் கையில் ஸ்கேன் கவர் இருக்கும். திருநெல்வேலியில் மூக்கு தொண்டை டாக்டர், மகளைவிட ஏழெட்டு வயது மூத்த பெண், போன வாரம் மூக்கு வழியாக ஒரு கேமராக் குழாயை விட்டு, "திரையப் பாருங்க டீச்சர்" என்றாள். சாக்பீஸால் எத்தனையோ தடவை வரைந்ததை முதன்முதலாகச் சதையாகப் பார்த்தாள், அதுவும் சொந்தச் சதை. வெள்ளையாக இரண்டு பட்டை, குரல்நாண்கள். 'ஈ' சொல்லச் சொன்னபோது வலதுபக்கத்துப் பட்டை கதவு மாதிரி வந்து சாத்தியது, இடதுபக்கத்தது அசையாமல் நின்றது. "இந்தப் பக்கம் வேலை செய்யல. அதான் முழுசா மூடல, தண்ணி அந்தச் சந்துல வழிஞ்சுருது. குரல்ல காத்து கலந்து வருதே, அதுவும் இதனாலதான்." ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டாள். இந்தத் தடவை கேட்டுவிட்டாள். "அதத்தான் பாக்கணும் டீச்சர். சில பேருக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்து போனா நரம்பு படுத்துக்கிடும், தானா எந்திரிக்கும். சில பேருக்கு நரம்பு வர்ற வழியில ஏதாவது அமுக்கிக்கிட்டு இருக்கும். கழுத்துலருந்து நெஞ்சு வரைக்கும் ஸ்கேன் எடுத்துருவோம்." நரம்பு வருகிற வழி அவளுக்குத் தெரியும். மூளையிலிருந்து தொண்டைக்கு ஒரு சாண் தூரம், ஆனால் அந்த நரம்பு தொண்டையில் நிற்காமல் நெஞ்சுவரை இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வரும். ஒட்டகச்சிவிங்கிக்குப் பாருங்க, எத்தனை அடி இறங்கி எத்தனை அடி ஏறுது என்று சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். நெஞ்சில் எங்கே எது வளர்ந்தாலும் அந்தச் சுற்றில் கைவைக்கலாம். நுரையீரல் நுனியில், நிணநீர்க் கட்டியில், உணவுக்குழலில். உணவுக்குழலில். ஸ்கேன் நேற்று எடுத்தார்கள். ரிப்போர்ட் இன்றைக்குப் பதினோரு மணிக்கு. "நான் லீவு போட்டுப் போய் வாங்குதேன், டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு ஒனக்குப் போன் போடுதேன்" என்றார் அவள் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், கம்பத்தில் ஏறப் பயப்படாதவர், ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றவே தயங்குகிறவர். "போன் எங்கிட்ட இருக்காதுங்க, தலைமையாசிரியை ரூம்ல வாங்கி வச்சுருவாங்க." "அப்பம் நேரா வந்து கேட்ல நிக்கேன்." அந்த முகத்தால் எதையும் மறைக்க முடியாது. கேட்டைத் தாண்டுமுன்னாலேயே தெரிந்துவிடும். தலைமையாசிரியை ரூம் பீரோவுக்குள் போன் இப்போது அடித்துக்கொண்டு இருக்குமோ? அடிக்க வழியில்லை, அணைத்துத்தான் கொடுத்தாள். அந்தக் கவருக்குள் எழுதியிருப்பது எழுதியாயிற்று. இனிமேல் இவள் நடந்தாலும் நின்றாலும் வேண்டிக்கொண்டாலும் அதில் ஒரு எழுத்து மாறப்போவதில்லை. அப்படி இருந்தும் மனசு, ஜன்னலிலிருந்து கரும்பலகை வரைக்கும் பன்னிரண்டு எட்டில் போனால் நல்ல சேதி என்று எண்ணிக்கொண்டு நடந்தது. பதிமூன்று வந்தது. மறுபடி கொஞ்சம் எட்டி வைத்து நடந்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி தொண்டை காய்ந்து கிழிவது போல ஆகிவிட்டது. குடிக்காமலேயே இருமல் வந்துவிடும் போல இருந்தது. டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி குடித்துவிடலாம் என்று முடிவு செய்தாள். அண்ணாந்து குடிக்கவே கூடாது என்றிருந்தாள் அவள். அண்ணாந்தால் சந்து இன்னும் அகலும். தாடையை நெஞ்சில் ஒட்டவைத்து, ஒரு மடக்கு மட்டும் வாயில் வாங்கி, மூச்சைப் பிடித்து விழுங்கி, விழுங்கினதும் ஒரு தடவை கனைத்துவிட வேண்டும். உதட்டில் படாமல் குடித்துப் பழகின வாய்க்குப் பாட்டிலைக் கவ்விக் குடிப்பதே கூச்சம். பிள்ளைகள் பார்க்க வேண்டாமென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, ஒரு மடக்கு வாங்கி, தாடையைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்திவிட்டாள். அவ்வளவுதான். உள்ளே ஏதோ கத்தி மாதிரி இறங்கியது. முதல் இருமலிலேயே இருந்த காற்றெல்லாம் வெளியே போய்விட்டது, திரும்ப இழுக்க வழி கிடைக்கவில்லை, இழுத்தால் தொண்டைக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருமினாள், இருமினாள், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது, இருமுவது அவள் இல்லை, அவளை வைத்து யாரோ இருமுகிறார்கள் என்று பட்டது. அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், சிரித்துக்கொண்டிருந்தானே. உச்சந்தலையில் ஒரு கை விழுந்தது. முதல் பெஞ்சுப் பிள்ளை, முகப்புத் தாளில் கையெழுத்துப் போடும்போது பார்த்த பெயர் காளீஸ்வரி, எழுந்து வந்து தலையில் தட்டிக்கொண்டிருந்தது. "மேல பாருங்க டீச்சர். மேல பாருங்க. யாரோ நினைக்காங்க." மறுகையில் இருந்த வினாத்தாளை மடித்து அவள் முகத்துக்கு விசிறியது. போ, போய் உட்காரு, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. வாசலில் பறக்கும் படை நின்றது.

கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியும், கூட ஒரு அம்மாவும், இரண்டு பேருக்கும் பின்னால் இந்தப் பள்ளித் தலைமையாசிரியையும். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு மாணவி இடத்தை விட்டு எழுந்து கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்கிறாள், கையில் மடித்த தாள் இருக்கிறது. "என்ன நடக்குது இங்க? கையில என்ன?" "கொஸ்டின் பேப்பர் சார். டீச்சருக்குப் புரையேறிருச்சு, அதான்…" "யாரு ஒன்னய எந்திரிக்கச் சொன்னா? டீச்சர், நீங்க சொல்லுங்க." எல்லோரும் இவள் முகத்தைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. இருமி இருமி அந்த ஒற்றைப் பட்டையும் ஓய்ந்துவிட்டது போல, உதடு அசைந்ததே தவிர ஒரு சத்தம் வரவில்லை. பதில் சொல்லாமல் நிற்பதும் ஒரு பதிலாகத்தான் அவருக்குத் தெரிந்தது. கூட வந்த அம்மா பிள்ளையை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சடையைப் பிரித்துப் பார்த்தாள், தாவணி முடிச்சைப் பார்த்தாள். அதிகாரி விடைத்தாளை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நல்ல மனுஷர்தான், அதட்டவில்லை, அவசரப்படவும் இல்லை. அவசரப்படாததுதான் தாங்க முடியவில்லை. செண்பகவல்லி சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள். 'எனக்குத்தான் உடம்பு சரியில்லை. இருமல். அந்தப் பிள்ளைமேல் தப்பு ஒன்றுமில்லை.' இருபத்திரண்டு வருஷத்துக் கையெழுத்து, இந்த நேரத்திலும் கோணவில்லை. அவர் படித்தார். "இதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்றார். எழுதிக் கொடுத்தாள். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார், போட்டுக் கொடுத்தாள். கடைசியில் "போ, போய் எழுது" என்று பிள்ளையை உள்ளே விட்டார்கள். அவர் படியிறங்கும்போது, "முடியலன்னா டூட்டிக்கு வரக்கூடாது டீச்சர், பிள்ளைகளுக்குத்தான் இடைஞ்சல்" என்றார். அதுவும் சரிதான். பன்னிரண்டு ஆறு. பதினாலு நிமிஷம். தலைமையாசிரியையின் கையைப் பிடித்து நிறுத்தி, மூச்சாலேயே, "பதினாலு நிமிஷம் போயிருச்சு அந்தப் பிள்ளைக்கு, சேத்துக் குடுக்கலாமா" என்று கேட்டாள். "நேரம் கூட்ட எனக்கு அதிகாரம் இல்ல டீச்சர். ஒரு நிமிஷம்கூட. எழுதிக் குடுங்க, மேல அனுப்பி வைக்கேன்." மேலே என்பது எங்கே இருக்கிறதோ.

பிள்ளை எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்த்தபடி இருந்தது. அவிழ்த்த சடையைச் சரியாகப் பின்னவில்லை, ஒரு பக்கம் பிரிந்து விடைத்தாள்மேல் விழுந்து கிடந்தது. எழுதும்மா, எழுது என்று செண்பகவல்லிக்கு உள்ளே ஒரு குரல் கத்தியது. கிட்டே போனால் பயப்படும், தள்ளி நின்றால் கோபம் என்று நினைக்கும். கரும்பலகையில் எழுதியதை அழிக்கலாமா, அழித்தால் டஸ்டர் சத்தம் கேட்குமா. மெல்ல அழித்தாள். திரும்பிப் பார்த்தபோது பேனா ஓட ஆரம்பித்திருந்தது, ஆனால் ஓட்டம் இல்லை, நொண்டல். கவர் ஞாபகம் வந்தது, கொஞ்ச நேரமாக அது மறந்தே போயிருந்தது. மறந்ததற்குப் பயந்தாள், ஞாபகம் வந்ததற்கும் பயந்தாள். கெட்ட சேதியாக இருந்தால் இந்தப் பிள்ளையிடம் செய்ததற்கு ஈடாகிவிடும் என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்து நின்றது. சே, அப்படியெல்லாம் கணக்கு நேராகுமா. அண்ணனுக்கு ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை, இந்தப் பிள்ளையிடம் பதினாலு நிமிஷம் பிடுங்கிக்கொண்டாயிற்று. நடந்தால் செருப்புச் சத்தம் இடைஞ்சல் என்று செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றாள். தாகம் திரும்ப வந்தது. பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்துவிட்டாள்.

ஒன்று பத்துக்கு எச்சரிக்கை மணி, ஒன்றேகாலுக்குக் கடைசி மணி. வரிசைப்படி என்றால் முதல் பெஞ்சிலிருந்துதான் தாள் வாங்க வேண்டும். அவள் கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். ஒவ்வொரு தாளாக வாங்கி, பக்கத்தைப் பார்த்து, பதிவெண்ணைப் பார்த்து, தாள் கட்டின நூல் முடிச்சைக்கூடப் பார்த்து வாங்கினாள். பக்கத்து அறை டீச்சர் விடைத்தாள் கட்டோடு வராந்தாவில் போய்க்கொண்டே எட்டிப் பார்த்தாள். இரண்டு நிமிஷம், மிஞ்சிப்போனால் இரண்டரை. அதற்குமேல் தன்னால் எதையும் திருடிக் கொடுக்க முடியவில்லை. காளீஸ்வரி நிமிரவே இல்லை, தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தபோதுதான் பேனா நின்றது. 47 என்று எண் போட்டு, அதற்குக் கீழே ஒன்றரை வரி எழுதியிருந்தது. இரண்டாவது வரி பாதி வார்த்தையில் நின்றது.

கேட்டில் ஆறுமுகநயினார் நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஒண்ணுமில்லையாம் செம்பகம். ஒண்ணுமே இல்லையாம். கட்டி கிட்டி எதுவும் இல்ல, எல்லாம் சுத்தமா இருக்குன்னுட்டாங்க. நரம்பு தானா படுத்திருக்காம், ஏன்னு தெரியலையாம், பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாதாம். ஆறு மாசம் பாப்போம், பயிற்சி குடுக்கேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சரியாகலாம், ஆகாமலும் போகலாம், தண்ணியக் குனிஞ்சு குடிச்சுக்கிட வேண்டியதுதான். உசுருக்கு ஒண்ணுமில்ல, அதப் பாரு." கவரை நீட்டினார். கை நீண்டு வாங்கிக்கொண்டது. இந்த வார்த்தைக்காகத்தானே மூன்று மாதம். அப்போதுதான் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு காளீஸ்வரி வந்தது, குழாயடியில் கழுவின முகம் இன்னும் ஈரமாக இருந்தது. செண்பகவல்லி குறுக்கே போய் அதன் தோளைத் தொட்டாள். "எவ்வளவும்மா விட்டுப்போச்சு?" மூச்சாகத்தான் வந்தது. பிள்ளை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டது. "கடைசிக் கேள்வி டீச்சர். அஞ்சு மார்க்." குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லாமல், "தெரிஞ்ச கேள்விதான்" என்றது. பிறகு டீச்சர் கையிலிருந்த கவரைப் பார்த்தது, கவரில் அச்சடித்திருந்த ஸ்கேன் சென்டர் பெயரைப் படித்தது, முகம் மாறியது. "ஒங்களுக்கு என்ன டீச்சர்? பெரிசா எதுவுமா?"

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்ட வேண்டியிருந்தது. உண்மையும் அதுதான். பிள்ளை "நல்லவேளை டீச்சர்" என்று சிரித்துவிட்டு, திரும்பிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸைப் பார்த்து ஓடியது.